ஓடாத இயந்திரத்துக்கு உதவி இல்லை

மனித குலத்தின் கருணையை இரண்டு காலமாகப் பிரிக்கலாம்: வட்டாரத் தொழில் வளர்ச்சி அலுவலகம் திறப்பதற்கு முன், திறந்ததற்குப் பின். அந்தக் கருணை மூன்றாவது மாடியில், லிஃப்ட் நின்றுபோன ஒரு கட்டடத்தில் குடியிருந்தது.

சலவைக்கடைக்காரி மூச்சு வாங்க அந்தப் படிகளில் ஏறிப்போனாள். அவளுடைய பெரிய சலவை இயந்திரத்தின் மோட்டார் கருகிப் போயிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. பத்து நாளாக அவளும் கணவனும் கையாலேயே துவைத்து, விரல் இடுக்கெல்லாம் புண். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

புது மோட்டாருக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் ஏழு நகல் கொடுத்தாள். மானிய அதிகாரி தாமே ஆய்வுக்கு வந்துவிட்டார். அப்படி ஒரு கடமையுணர்ச்சி. சுவிட்சைப் போட்டார். இயந்திரம் அசையவில்லை.

"ஓடலையேம்மா?"

"அதுக்குத்தான் சார் மனு போட்டேன்."

"விதி ஒன்பதைப் படிக்கலையா? 'இயங்கும் தொழிலுக்கே மானியம்.' ஓடாததுக்கெல்லாம் கொடுத்தா மக்கள் பணம் என்னத்துக்கு ஆகும்?"

மக்கள் பணத்தின் மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிட்டது. மூட்டை ஏற்றிப் போகிற ஸ்கூட்டரைக் கணவன் அன்றைக்கே விற்றான். மோட்டார் வந்தது. அதிகாரியும் மறு ஆய்வுக்கு வந்தார்.

இயந்திரம் ஜம்மென்று சுற்றியது. அவர் முகம் வாடிப்போயிற்று.

"அருமையா ஓடுதே! அப்புறம் எதுக்கும்மா மானியம்? விதி பத்து: 'தேவையுள்ளோருக்கு மட்டும்.'"

தலையில் மூட்டையோடு கிளம்பிக்கொண்டிருந்த கணவன் நின்று கேட்டான். "ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல நாங்க எங்க சார் நிக்கறது?"

"நல்ல கேள்வி. அதுக்கு ஒரு குழு போடறோம்."

போட்டார்கள். குழு மூன்று முறை கூடி, தன் பெயர் என்ன என்பதை ஒருமனதாக முடிவு செய்தது. அதற்குள் நடந்து போன மூட்டைகள் தினமும் தாமதமாகி, மாசக் கடைசியில் ஆஸ்பத்திரி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. துவைக்க ஒரு துணியும் இல்லாமல், புது மோட்டாரின் முன்னால் உட்கார்ந்து அவள் அழுதாள்.

ஆனால் கோப்பில் அவள் இயந்திரம் இன்னும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே அலுவலக ஆண்டுவிழாவில், 'மானியமின்றி முன்னேறிய தொழில்முனைவர்' விருது அவளுக்கே. அலுவலகத்துக்கு இந்த வருடம் இரண்டு மடங்கு நிதி ஒதுக்கியிருப்பதாக அதிகாரி மேடையில் அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"சும்மா ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பேசினாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். ஓடாததுக்குப் பணம் கிடையாதுன்னீங்க. உங்க ஆபீசுக்கு மட்டும் எந்த விதியில சார் தர்றாங்க?"