பெரிய மணியில் ஒரு தீபாராதனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மணியை அடித்தது நான்தான். "அவர் வேணுமெண்டு செய்யேல்லை" என்று பல வருடங்களாக எனக்காக வாதாடி வருகிற என் மனைவி வசந்திக்கு நன்றி. ஆனால் அந்த வாதம் எனக்குத் தேவையில்லை. அடித்தேன், நன்றாக அடித்தேன், தாளம் பிசகாமல் அடித்தேன். நேரம்தான் கொஞ்சம் இடித்தது.

நான் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். (சாரதியோடு கதைக்கக் கூடாது என்று பஸ்ஸில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சாரதி கதைக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.) வேலை போக மிச்ச நேரத்தில் எங்கள் முருகன் கோயிலில் மணியடிப்பவன். இருபது வருடப் பழக்கம். ஐயர் கைமணியை ஆட்டத் தொடங்கினால் நான் கயிற்றை இழுக்கத் தொடங்குவேன். அவர் தீபத்தை இறக்கி, கைமணியைக் கீழே வைக்கும்வரை விடமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பேன். கையே பார்த்துக்கொள்ளும்.

கோயில் என்றதும் கோபுரம், தேர்முட்டி எல்லாம் நினைக்க வேண்டாம். முன்பு டயர் களஞ்சியமாக இருந்த வாடகைக் கட்டடம். பக்கத்தில் குடியிருந்த ஒருவர் நகரசபைக்குக் கடிதம் போட்ட பிறகு, எங்கள் நிர்வாகம் மணியின் நாக்கில் குளித்துத் துடைக்கிற ஒரு பழைய துவாயைச் சுற்றிவிட்டது. அடித்தால் யாரோ மெத்தையைத் தட்டுவதுபோல் தொப்பு தொப்பென்று கேட்கும். அந்தத் துவாய் மணியை மூன்று வருடம் அடித்தேன். அது மணி என்று முருகனுக்காவது தெரிந்ததோ என்னவோ.

இந்தத் துக்கத்தை ஒருநாள் டிப்போவில் கோப்பி குடிக்கும்போது உல்ரிகேயிடம் கொட்டினேன். உல்ரிகே என்னோடு பஸ் ஓட்டுகிற பெண். அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்து வருகிறவர்.

"எங்கடை தேவாலயக் கோபுரத்திலை நாலு மணி இருக்கு. அடிக்க ரெண்டு பேர்தான். மூண்டாவது ஆள் ஹெர் லாங்கே, முழங்கால் ஒப்பரேசன் எண்டு படியேறுறேல்லை. நீ வாறியோ?" என்றார். (அவர் சொன்னது ஜெர்மனில். யார் என்ன பாஷையில் கதைத்தாலும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.)

அங்கே திருநாள்களில் மணியடிப்பதற்கு ஒரு தனி முறை இருக்கிறது. 'பையர்ன்' என்பார்கள். மணி அசையாமல் தொங்கும். அதன் நாக்கில் கயிறு கட்டி, விளிம்புக்கு அண்டக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். கயிற்றைச் சுண்டினால் நாக்கு போய் மணியில் அடிக்கும். ஆளுக்கு ஒன்றிரண்டு மணி என்று பிரித்துக்கொண்டு மெட்டு வாசிக்கலாம். மெட்டுகளை யாரும் தாளில் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பாட்டு உண்டு. உல்ரிகே எனக்கு முதலில் சொல்லித் தந்தது, கோயில்காரன் பெண்சாதி பான்கேக் சுடுகிறாள் என்று போகும். எனக்கு அந்தப் பான்கேக் நாக்கில் நிற்கவில்லை. "புட்டும் சம்பலும், புட்டும் சம்பலும், இடியப்பம் சொதி" என்று மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து தாளம் பிசகியதே இல்லை. இரண்டு மாதத்தில் உல்ரிகேயும் "சொதி" வரும் இடத்தில் எனக்குக் கண்ணைக் காட்டத் தொடங்கினார்.

ஜெர்மனியில் இரண்டு பேர் சேர்ந்து இருமினால் மூன்றாமவர் அதற்கு ஒரு சங்கம் தொடங்கி, சட்டதிட்டம் போட்டு யாப்பு எழுதிவிடுவார். அந்த வட்டாரத்து மணிக்காரர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. புதிதாக வருகிறவர் ஒரு வருடம் எல்லாத் திருநாள்களுக்கும் அடிக்க வேண்டும். வருட முடிவில் எல்லா ஊர்க்காரரும் கூடும் ஒன்றுகூடலில் சங்கத் தலைவர் பெயரை வாசித்து, பித்தளையில் செய்த ஒரு குட்டி மணிச் சின்னத்தைச் சட்டையில் குத்துவார். அதோடு ஆள் உறுப்பினர்.

அந்தச் சின்னத்தில் எனக்கு ஆசை வந்ததற்கு நடராசா அண்ணைதான் காரணம். அவர் எங்கள் முருகன் கோயிலின் நிர்வாகத் தலைவர். செய்தி காதில் விழுந்ததும் செருப்பு வைக்கும் இடத்திலேயே என்னை மறித்துவிட்டார்.

"சிவா, நீர் வேதக் கோயிலிலை மணியடிக்கிறீராம். உண்மையோ?"

"ஓம் அண்ணை."

"சைவக்காரன் செய்யிற வேலையோ இது?"

"அண்ணை, நீங்கள் அந்தத் துவாயை அவிழுங்கோ. நான் நாளைக்கே அங்கை போறதை விடுறன்."

"துவாய் அவிழ்க்க ஏலாது. நகரசபை."

"அப்ப என்னை மறிக்கவும் ஏலாது."

அவர் சிரித்தார். "பாப்பம். அவங்கள் உம்மைச் சேர்ப்பாங்களோ? வருசம் முடிய வெறுஞ் சட்டையோடை வருவீர்."

"சின்னத்தைக் குத்திக்கொண்டுதான் வருவன். நீங்களும் வந்து பாருங்கோ."

வீராப்புப் பேசியாயிற்று. இனி வருடத்தை ஓட்ட வேண்டும். உயிர்ப்புத் திருநாளுக்கு அடித்தேன். ஜூன் மாதத்து ஊர்வலத்துக்கு, வியர்வையில் கயிறு வழுக்க வழுக்க அடித்தேன். ஊர்த் திருவிழாவுக்கு அடித்தேன். டிசம்பரில் நத்தாருக்கு, கோபுர ஓட்டைகளால் பனி வந்து மூக்கில் விழ, இரண்டு சோடிக் கையுறை போட்டுக்கொண்டு அடித்தேன். ஒரு திருநாள் தவறவில்லை. (எங்கள் கலியாண நாளை இரண்டு தரம் தவறவிட்டவன் நான். வசந்தி இந்தக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறாள்.)

ஒன்றுகூடலை அந்த வருடம் உல்ரிகேயின் ஊரிலேயே வைத்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தேவாலயத்தில் பூசை. பூசை முடிந்த கையோடு முதல் மெட்டு எங்களுடையது. பெரிய மணி என்னுடையது. அதன் பிறகு மண்டபத்தில் கோப்பி, கேக், சின்னம்.

எங்கள் வீட்டு ஆட்கள் முன்வரிசைக்கு அடுத்த வரிசையை முழுதாகப் பிடித்திருந்தார்கள். வசந்தி பட்டுச்சேலை. மகள் மதுரா. வசந்தியின் தம்பி ரமணன் குடும்பத்தோடு. ஓரத்தில் நடராசா அண்ணை. "பாக்கத்தான் வந்தனான், கும்பிட இல்லை" என்று வாசலிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிட்டு உள்ளே போயிருந்தார்.

மேலே நாங்கள் மூவர். உல்ரிகே, நான், பீற்றர் என்கிற பல் வைத்தியர். கீழே பூசை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிவதற்காகச் சுவரில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. அது சரியாக என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அரை மணித்தியாலத்துக்கு முன்பே கயிற்றைக் கையில் எடுத்துவிட்டேன். உல்ரிகே பார்த்தார். "இன்னும் நேரம் கிடக்கு," என்றார். "பரவாயில்லை, கை பழகட்டும்," என்றேன். (இந்த உலகத்தில் நான் சொன்ன வீண் வசனங்களில் இதற்குத்தான் முதலிடம்.)

பூசையின் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. குருவானவர் அப்பத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டுவார். சனம் முழங்காலில் இருக்கும். அதைவிட அமைதியான, புனிதமான நேரம் பூசையில் இல்லை. அப்போது பீடத்தில் உதவி செய்கிற பெண்பிள்ளை ஒரு சின்னக் கைமணியை ஆட்டும்.

கைமணி.

பெட்டிக்குள்ளால் அந்தச் சத்தம் என் காதுக்குள் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் என் மூளைக்கு ஒரு பங்கும் இல்லை. கண் மூடியது. கை இழுத்தது. இந்தப் பக்கத்து முறைப்படி நிதானமாகச் சுண்டவும் இல்லை. எங்கள் முறைப்படி, விடாமல், மூச்சு வாங்காமல், அம்பாளே இறங்கி வருகிற வேகத்தில் இழுத்தேன். துவாய் இல்லாத மணி. இரண்டு தொன்னாவது இருக்கும். கோபுரமே என்னோடு சேர்ந்து ஆடியது.

பல் வைத்தியரைக் குறை சொல்ல முடியாது. பெரிய மணி தொடங்கினால் மற்றவர்கள் சேர வேண்டும் என்பது அங்கே சட்டம். சேர்ந்துவிட்டார். உல்ரிகே என் தோளைப் பிடித்து உலுப்பினார். அவருக்கும் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகத்தைக் கூட்டினேன்.

கீழே நடந்ததை வசந்தி சொல்லித்தான் அறிந்தேன். குருவானவர் உயர்த்திய கையோடு நின்றார். மணி ஓயட்டும், பிறகு இறக்குவோம் என்று காத்திருந்தாராம். அவர் இறக்கும்வரை ஆட்ட வேண்டும் என்று பழக்கியிருந்ததால் அந்தப் பெண்பிள்ளை கைமணியை நிறுத்தவில்லை. கைமணி நிற்காதபடியால் நான் நிறுத்தவில்லை. மூவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் எப்போது முடியும்? குருவானவரின் கை நடுங்கத் தொடங்கிவிட்டதாம்.

எங்கள் வரிசை இன்னொரு கதை. ஊரே முழங்காலில் இருக்க, பெரிய மணியின் சத்தம் கேட்டதும் ரமணன் எழும்பினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள். எல்லாருடைய கையும் தலைக்கு மேலே போயிற்று. அதற்குள்ளிருந்து ஒரு குரல், தேவாலயத்தின் முகடு வரை போகும்படி, "அரோகரா" என்றது. நடராசா அண்ணையின் குரல்.

முடித்து வைத்தது உல்ரிகே. என்னோடு ஆறு வருடம் கோப்பி குடித்தவர்; என் கோயில் கதைகள் முழுவதும் கேட்டவர். தோளை விட்டுவிட்டு நேரே போய் ஒலிபெருக்கிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். என் காதில் கைமணி நின்றது. நானும் நிறுத்தினேன். கண்ணைத் திறந்து, திருநீறு தருவதற்கு ஐயர் எங்கே என்று பார்த்தேன். எதிரே பல் வைத்தியர் வாயைத் திறந்தபடி நின்றார்.

மண்டபத்தில் கேக் இருந்தது. தொட ஆளில்லை. சங்கத் தலைவர் ஹெர் லாங்கே சின்னத்தைப் பெட்டியோடு தன் கோட்டுப் பைக்குள் போடுவதை நான் பார்த்தேன்.

"ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தாருங்கோ. சங்கம் யோசிச்சு, விரும்பினால் இன்னொரு வருசம் தரும்," என்றார்.

குருவானவர் இரண்டு தோளையும் தடவிக்கொண்டு வந்தார். "அந்த இடத்திலை பெரிய மணி அடிக்கிறது இங்கத்தைப் பழைய வழக்கம்தான்," என்றார். "வயல்லை நிக்கிறவைக்கும் கேக்க வேணுமெண்டு. ஆனால் மூண்டு தரம் அடிப்பினம். நீங்கள் மூண்டோடை நிப்பாட்டேல்லை."

"பாதர், தீபம் இறங்கேல்லை."

"நீங்கள் எங்கை இறக்க விட்டனீங்கள்?"

யாரோ சிரித்தார்கள். ஹெர் லாங்கே சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"இன்னொரு வருசம் வாறன். முதலிலை இருந்து, ஒவ்வொரு திருநாளுக்கும் வாறன். ஆனால் கடிதம் எழுத ஏலாது. நான் பகிடிக்கு அடிக்கேல்லை. கும்பிட்டுத்தான் அடிச்சனான். கும்பிட்டதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்குத் தெரியாது."

"கடிதம் இல்லையெண்டால் சின்னம் இல்லை," என்றார் ஹெர் லாங்கே.

உல்ரிகே கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "நல்லது. அப்ப நத்தாருக்குப் பெரிய மணி இழுக்க நீங்கள் வாங்கோ. நூற்றிப் பதினாலு படி. முழங்கால் எப்பிடி இருக்கு?"

கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வெறுஞ் சட்டையோடுதான் காரில் ஏறினேன். பின் சீற்றில் நடராசா அண்ணை. அந்த வெறுஞ் சட்டையைச் சொல்லிக் காட்டப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சிவா."

"சொல்லுங்கோ அண்ணை."

"நான் அரோகரா சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

ஒருவருக்கும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

அடுத்த வருடமும் ஒரு திருநாள் தவறாமல் படியேறினேன். ஹெர் லாங்கே அந்தச் சின்னத்தைக் குத்தும்போது ஊசி சட்டையைத் தாண்டி உள்ளேயும் கொஞ்சம் போயிற்று. வேண்டுமென்று செய்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன். சங்கத்தின் யாப்பில் ஒரு புது விதியும் சேர்ந்தது: பூசை நடக்கும்போது கயிறுகள் கொளுக்கியில் தொங்க வேண்டும், மணியடிப்பவரின் இரண்டு கைகளும் முழங்காலில் இருக்க வேண்டும். விதியில் என் பெயர் இல்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் எந்தக் கோபுரத்திலும் கேட்டுப் பாருங்கள், அதற்குச் 'சிவா விதி' என்றுதான் பெயர். சட்டத்தை மீறியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சட்டம் எழுத வைத்தவர்கள் எத்தனை பேர்?

வீட்டில் விதி இதைவிடக் கடுமை. போன வருடம் மதுராவின் கலியாண விருந்து. மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு ஜெர்மன்காரர். பேச்சுக்கு எழும்பி, சபையை அமைதிப்படுத்தக் கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினார். கிண், கிண், கிண். அந்த நிமிடமே வசந்தி என் வலது கையைப் பிடித்தாள். மணப்பெண் தன் கதிரையை விட்டு ஓடிவந்து இடது கையைப் பிடித்தாள்.

"அப்பா, இது பேச்சுக்கு."

"தெரியும் பிள்ளை."

இரண்டு பேரும் விடவில்லை. சபை முழுவதும் சிரித்தது. நான் கையை இழுக்கவும் இல்லை, முகத்தைத் தொங்கப்போடவும் இல்லை. மேசைக்குக் கீழே என் வலது கால் மட்டும், அந்த மனிதர் கரண்டியை வைக்கும்வரை, தரையில் அடித்துக்கொண்டே இருந்தது.