வெள்ளை மட்டுந்தான் சும்மா

மாதுங்கா,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மைத்துனர் பத்ரிநாராயணன் அவர்களுக்கு மகாதேவனின் நமஸ்காரம். இங்கு என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். வாஷியில் உங்கள் சர்க்கரையும் மன்னியின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் எலக்ட்ரிக் கார். ரிடையர் ஆனதிலிருந்து ஷ்யாமளாவுக்கு ஒரே பிடிவாதம்: "முப்பத்திரண்டு வருஷம் லோக்கல் ட்ரெயின்ல நின்னுண்டே போன முதுகு. அதுக்கு ஒரு நல்ல சீட் வேணும்." சொகுசுக் கார்களிலேயே விலை குறைந்தது, நாற்பத்தொன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்ற விளம்பரத்தைப் பார்த்து நேற்று ஷோரூமுக்குப் போனோம். ஐம்பது என்றால் நான் படியேற மாட்டேன் என்று எவனோ தெரிந்துவைத்திருக்கிறான். அங்கே கார் விற்கும் பெண் ஸ்வீட்டி, தாராவிக்காரி. "அங்கிள், வெள்ளை மட்டுந்தான் சும்மா. நீலம்னா ஒரு லட்சம் கூட ஆவும்" என்றாள். கண்ணாடிக் கூரைக்கு ஒன்றரை, முதுகைப் பிடித்துவிடும் சீட்டுக்கு இரண்டு. டோம்பிவிலியில் ஃப்ளாட் பார்த்தபோது பில்டர் மாடிக்கு ஒரு விலை, பார்க்கிங்குக்கு ஒரு விலை என்று ஏற்றினானே, அதேதான். இதற்குச் சக்கரம் இருக்கிறது, அவ்வளவே. இந்த ஆப்ஷன்களை நான் ஒவ்வொன்றாகக் கழித்தேன். "அந்த சீட்டை மட்டும் கழிக்காதீங்கோ" என்றாள் ஷ்யாமளா. "முதுகுக்குத் தலகாணி போறும்" என்றேன். அப்படியும் இன்ஷூரன்ஸ், சார்ஜர் என்று ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது.

உடனே என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குத் தவறாத வித்தை: "வேண்டாம்மா" என்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் மெதுவாக நடப்பது. கூப்பிடுவார்கள். வாசல் வரை நடந்தேன், கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாப் வரை நடந்தேன், ஊஹூம். வெயிலில் ஒன்றே கால் மணி நேரம் நின்ற பிறகு ஷ்யாமளா மட்டும் வந்தாள். "காபி நன்னா இருந்தது" என்றாள். ஓசிக் காபிக்கு அவ்வளவு நேரமா! இருந்தாலும் அவள் முதுகை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. வருகிற வழியிலேயே ஒரு தலகாணி வாங்கிக் கொடுத்தேன், அசல் இலவம்பஞ்சு. இந்த வீட்டில் கார் பேச்சு முடிந்தது. நீங்களும் ஏமாறாதீர்கள்.

மன்னிக்கு நமஸ்காரம். குழந்தைகள் எல்லா ஆப்ஷன்களோடும் அமோகமாக இருக்கட்டும். இதை ஷ்யாமளாவே தபாலில் சேர்ப்பாள்.

இப்படிக்கு,
மகாதேவன்

பி.கு.: அண்ணா, ஷ்யாமளா எழுதறேன். என் பி.எஃப். பணத்தில் அங்கேயே புக் பண்ணிட்டேன். இவர் வாசலைத் தாண்டறதுக்குள்ளேயே அந்தப் பொண்ணு, "ஆன்ட்டி, நீலத்துக்குத் துட்டு வேண்டாம், அங்கிளக் கூப்புடட்டுமா?"ன்னு கேட்டா. வேண்டாம்னு நான்தான் சொன்னேன். முதுகு பிடிச்சுவிடற வசதி டிரைவர் சீட்டுக்கு மட்டும் போதும்னுட்டேன். நாளையிலேர்ந்து டிரைவிங் கிளாஸ் போறேன். இவருக்குத்தான் தலகாணி இருக்கே.