டிக் சத்தம் நின்ற வேலி

கறுப்பு மேட்டுக்குப் பின்புறம்,
கரிண்டா.
பிப்ரவரி 19, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி ரஸ்ஸலுக்கு,

அண்ணன் லிண்ட்ஸே எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணி கோரலும் நலம். என் வலது கையில் மூன்று விரல்களுக்கு மட்டும் இன்னும் முழு உணர்வு திரும்பவில்லை, அதனால்தான் கையெழுத்து இந்த லட்சணத்தில் இருக்கிறது. நீயும் உன் தொண்டையும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறதே தவிர, கேட்க முடியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வானொலி நிலையம் ஏ.எம்.மை விட்டு எஃப்.எம்.முக்கு மாறியது ஊருக்குள் இருப்பவர்களுக்குப் பெரிய கொண்டாட்டமாக இருக்கலாம். பலூன் கட்டினீர்கள், வீதியில் இலவசமாகச் சாசேஜ் சுட்டுக் கொடுத்தீர்கள், எல்லாம் கேள்விப்பட்டேன். ஆனால் மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பதினான்கு வீடுகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஏ.எம். மேட்டைப் பற்றிக் கவலைப்படாமல் எப்படியோ சுற்றிக்கொண்டு வந்துசேரும். உன்னுடைய எஃப்.எம். மேட்டைக் கண்டதும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. நீ ஜனவரி முழுக்கச் சொன்னபடியே மூன்றாம் தேதி காலையில் எழுந்து, முகம் கழுவி, ரேடியோவைப் புது இடத்துக்குத் திருப்பி வைத்தேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீ பேச மறந்துவிட்டாயோ என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். நிலையத்துக்குப் போன் செய்தால் யாரோ ஒரு பெண் எடுத்து, "லிண்ட்ஸே, உங்க ஏரியா எங்க மேப்புல பச்சையாத்தான் இருக்கு, நல்லாக் கேக்கணுமே" என்றாள். இங்கே புல்கூடப் பச்சையாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உன் நிகழ்ச்சியைக் கேட்டே ஆகவேண்டும் என்று நான் தவிக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக நான் ரேடியோ வைப்பதே மின்வேலிக்காகத்தான். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நீ ஊருக்குள் போய் மறந்திருப்பாய்: ஏ.எம்.மில் உன் பேச்சுக்கு அடியில் டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அது என் வேலி. மெதுவாக டிக் அடித்தால் வேலியில் மின்சாரம் ஓடுகிறது, சட்டென்று பலமாக அடித்தால் எங்கேயோ கிளை விழுந்து கம்பியைத் தொடுகிறது, சத்தமே இல்லாவிட்டால் வேலி செத்துவிட்டது. நீ ஆட்டுச் சந்தை விலை படிப்பாய், நான் வேலியைக் கேட்பேன். ஆறே முக்காலுக்கு வானிலை, ஏழுக்கு மரண அறிவிப்பு, ஏழு பத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்து, இதெல்லாம் தானாகக் காதில் விழுவது.

நான்காம் தேதி காலையில் டிக் இல்லை. சுத்தமாக இல்லை. வேலி செத்துவிட்டது என்று முடிவு செய்து, இடுக்கியை எடுத்துக்கொண்டு வெயிலில் மூன்று கிலோமீட்டர் கம்பியோடு நடந்தேன். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. எஃப்.எம்.மில் வேலிச் சத்தம் ஏறவே ஏறாது என்று நீங்கள் யாரும் அறிவிக்கவில்லை. சாசேஜைப் பற்றி அறிவித்தீர்கள், இதை அறிவிக்கவில்லை. வறண்ட ஓடைக்கரையில் நின்று, ஐம்பது வருஷ அனுபவத்தோடு, உயிரில்லாத கம்பி என்ற முழு நம்பிக்கையில் கையால் பிடித்தேன். எழுந்து பார்த்தபோது ஓடைக்குள் இருந்தேன், தொப்பி கரையில் இருந்தது. ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று மேலே ஏறி வந்து இரண்டாவது தடவையும் பிடித்தேன்.

அந்த இரண்டாவது தடவையைப் பார்க்க என்று ஒரு மனுஷன் வந்து வாய்த்தான் பார். பாதையில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னடா லிண்ட்ஸே, பிடிச்சிருக்கா? இன்னொரு வாட்டி தொடப்போறியா?" என்று கேட்டான். ஏலக்காரன் ஹெக்டர் வில்மட். அப்பாவின் சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போன அதே ஹெக்டர். பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா வீட்டுச் சாமான்களை ஏலம் விட்ட அன்று அந்த நாற்காலி ஹெக்டரின் லாரியில் ஏறியதை உன் கண்ணால் பார்த்ததாக நீதானே என்னிடம் சொன்னாய்? ரயில் நிலையத்திலிருந்து அப்பா வாங்கி வந்த ஓக் மர நாற்காலி. பின்னால் சாய்ந்தால் இரண்டு முனகல், முன்னால் வந்தால் நீளமாக ஒன்று. அந்த நீள முனகல் கேட்டால் அப்பா எழப்போகிறார், நாம் ஓடவேண்டும் என்று அர்த்தம். அதற்கப்புறம் ஹெக்டரோடு எனக்குப் பேச்சு இல்லை. என் ஆடுகளைக்கூட அவன் சந்தையில் விற்பதில்லை, தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி வேறு சந்தைக்குக் கொண்டுபோகிறேன். அன்றைக்குக் கை கொடுத்துத் தூக்க வந்தான், நானே எழுந்துகொண்டேன். "மேட்டுக்கு இந்தப் பக்கம் யாருக்கும் ரேடியோ கேக்கலையாமே, தண்ணித் தொட்டி மேல ஒரு ஆண்டெனா போட்டாப் போதும்டா. எங்கிட்ட பழசு ஒண்ணு கெடக்கு" என்றான். உன் சாமான் எதுவும் எனக்கு வேண்டாம், எங்கள் சாமான் உன்னிடம் இருப்பதே போதும் என்று சொன்னேன். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து, வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை அணைத்துப் பிரித்துப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் குழப்பத்தில் மறுபடியும் போட மறந்துவிட்டேன். எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, காளைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. கோரலின் தக்காளிப் பாத்தியை முடித்துக்கொண்டு, பக்கத்து நிலத்துக் கிடாரிகளோடு போய்க் குடித்தனம் நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தானாக வீடு வந்து சேர்ந்தது. பக்கத்து நிலத்துக்காரர் உயர்ந்த ஜாதிக் கன்றுகளை எதிர்பார்த்திருந்தாராம். இப்போது என்னோடு பேசுவதில்லை. ஹெக்டரோடு நான் பேசாததற்கும் இதற்கும் சரியாகிவிட்டது என்கிறாள் கோரல்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பன்னிரண்டாம் தேதி கோரலின் பிறந்தநாள். வருஷா வருஷம் ஏழு பத்துக்கு, "மேட்டுக்குப் பின்னாடி இருக்கிற எங்க அண்ணி" என்று ஆரம்பித்து நீ அவளை வாழ்த்துவாய். இந்த வருஷமும் நீலக் கவுன் போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். ஏழு பத்து, உஸ்ஸ். ஏழு பதினைந்து, உஸ்ஸ். "பழைய இடத்துக்குத் திருப்பிப் பாரேன், அவன் மறந்துபோய் அங்க பேசிட்டிருந்தாலும் இருப்பான்" என்றாள். திருப்பினேன். நீ இல்லை, வேலி மட்டும் இருந்தது. டிக், டிக், டிக். அவள் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி, வேலியாவது வாழ்த்துதே" என்று எழுந்துபோய்க் கேக்கை வெட்டினாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் காலையில் அந்தக் காலி இடத்தைத்தான் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிறேன். வேலி பத்திரமாக இருப்பது தெரிகிறது. ஆனாலும் நன்றாக இல்லை, ரஸ்ஸல். அவ்வளவுதான் சொல்வேன்.

ஆகையால், உங்கள் பழைய ஒலிபரப்புக் கோபுரத்தை யாராவது பழைய இரும்புக்கு வாங்கிப் போவதற்குள் ஏ.எம்.மை மறுபடியும் ஆரம்பிக்கும்படி உன் முதலாளியிடம் சொல். பதினான்கு வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். பக்கத்து நிலத்துக்காரர் மட்டும் போடமாட்டார், அதனால் பதின்மூன்று.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் அன்பு. தொண்டைக்கு இளஞ்சூட்டில் எலுமிச்சையும் தேனும் குடி. மழை பெய்தால் நல்லது.

உன் அண்ணன்,
லிண்ட்ஸே

பி.கு. வெள்ளிக்கிழமை காலை, எட்டு மணி. தபால் வண்டி இன்றைக்குத்தான் வரும் என்பதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்ல வேளை. ஆறு மணிக்கு ஹெக்டர், நான் கூப்பிடாமலே, பழைய ஆண்டெனாவோடு வந்து தண்ணீர்த் தொட்டியில் ஏறிவிட்டான். கோரல்தான் போன் செய்திருக்கிறாள். நான் சமையலறை ஜன்னலில் ரேடியோவை வைத்துக்கொண்டு, இடது பக்கம், வலது பக்கம் என்று கை காட்டினேன். ஏழு மணிக்குச் சற்று முன்னால் உஸ்ஸ் நின்றது. நீ வந்தாய். அடடா, எவ்வளவு தெளிவு! நீ காகிதம் புரட்டுவது கேட்கிறது, கோப்பையில் ஸ்பூன் கேட்கிறது. வானிலை படித்து முடித்து, சாய்ந்து உட்கார்ந்தாய். இரண்டு முனகல். மரண அறிவிப்புக்காக முன்னால் வந்தாய். நீளமாக ஒன்று.

எனக்குக் கால் ஓட எழுந்துவிட்டது, ரஸ்ஸல். அறுபத்தெட்டு வயதில்.

தொட்டி மேல் இருந்த ஹெக்டருக்கும் அந்த முனகல் கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்து, "இது உங்கப்பா நாற்காலிதானடா?" என்றான். "எறங்கி வா, டீ ஆறுது" என்று மட்டும் சொன்னேன். பதினோரு வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை. என் ஆடுகள் இந்த மாதம் அவன் சந்தைக்குப் போகின்றன.

ஏ.எம். வேண்டாம். எஃப்.எம். ரொம்ப நன்றாக இருக்கிறது, முதலாளியிடம் சொல். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் ஹெக்டரும் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போக அவன் பிக்கப்பில் வருகிறோம், அதற்குள் நின்றுகொண்டே படித்துப் பழகிக்கொள். வியாழக்கிழமை ஏழு பத்துக்கு உன் அண்ணியை வாழ்த்து, அவள் நீலக் கவுனைத் தேய்த்து வைத்துவிட்டாள். வாழ்த்தும்போது ஒருதடவை நன்றாகச் சாய்ந்து, முன்னால் வா. நாங்கள் வரும்வரை அதற்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுவிடாதே.