பல்லிக்குப் பத்தியச் சாப்பாடு

இந்த வருஷச் சாரலுக்கு மச்சினன் குடும்பம் தென்காசிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று கம்பவுண்டர் அய்யாத்துரை முடிவு கட்டிவிட்டார். பின்னே என்ன? கோவில்பட்டியிலிருந்து பதினோரு உருப்படி வந்து இறங்கும். பதினோரு பேரும் ஐந்தருவியில் ஆட்டம் போடுவார்கள். இவர் பாறைமேல் உட்கார்ந்து அத்தனை பேர் துணிக்கும் காவல். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, மனுஷன் அருவியில் தலை நனைத்து நாலு வருஷமாகிறது. வயிறு எரியாதா?

மனைவி குழல்வாய்மொழியிடம் நேரே சொல்லலாம்தான். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவருக்கு அவளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவளும் ஒருத்தருக்குப் பயப்படுவாள். தெற்குச் சுவரில் பல்லி சொன்னால், எடுத்த காரியத்தை அப்படியே போட்டுவிடுவாள்.

அவ்வளவுதான், தெற்குச் சுவர்ப் பல்லியை அய்யாத்துரை தத்தெடுத்துவிட்டார். காலையில் மரக்கடைக் கரையான். சாயங்காலம் தீப்பெட்டியில் பிடித்துவந்த விட்டில் பூச்சி. கரப்பான் கூடவே கூடாது, செரிக்காது. மூன்றே வாரத்தில் பல்லி மினுமினுவென்று ஆகிவிட்டது. தீப்பெட்டியைத் தட்டி விட்டிலைக் காட்டினால் போதும், 'இச் இச்' என்று கேட்டு வாங்கித் தின்னும்.

"செவுத்தப் பாத்து என்ன பேசுதிய?" என்றாள் குழல்வாய்மொழி ஒருநாள், பெருக்கிக்கொண்டே.

"வெள்ளையடிக்கணும்னு பாத்தேன்."

"கீழ எதுக்கு இம்புட்டு றெக்க கெடக்கு?"

"காத்துல வந்துருக்கும்."

அவள் றெக்கையை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனி முடிய நாலு நாள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. குழல்வாய்மொழி கடிதத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணனுக்குக் காயிதம் எழுதிட்டேன். தபால்ல போட்டுட்டு வாரியளா?"

அய்யாத்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தீப்பெட்டியைத் தட்டினார். இச் இச் இச்.

"கேட்டியாட்டி? தெக்குப் பல்லி. போடவே கூடாது."

"நல்லாக் கேட்டியளா?"

"மூணு தரம்லா சொல்லுது."

"அப்பச் சரி." கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டாள். அய்யாத்துரைக்கு அருவியிலேயே நிற்கிற மாதிரி உச்சி குளிர்ந்துவிட்டது.

"வரச் சொல்லி ஆனி பொறக்கவே எழுதியாச்சு," என்றாள் அவள். "நீங்க படுத பாட்டப் பாத்து, இந்த வருசம் வரவேண்டாம்னு இப்ப எழுதுனேன். பல்லி தடுத்துட்டு. நாம என்ன செய்ய?"

அய்யாத்துரை ஒரு கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

"பாவம், அது சொன்ன வேலையச் செஞ்சிட்டுல்லா?" என்றாள் குழல்வாய்மொழி. "கையில இருக்க விட்டிலக் குடுங்க."