மொட்டை போட்ட போட்டோ இருக்குதா?

கழுத்தைப் பார்த்தே கண் நோயைச் சொல்ல ஆல்பம் டாக்டரைத் தவிர விருத்தாசலத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவரையும் பைத்தியம் என்றிருப்பார்கள்.

மாறுகண்ணுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்; எல்லோரிடமும் பழைய போட்டோ ஆல்பத்தைக் கேட்டதால் அந்தப் பெயர். டீக்கடையில் யார் தலையாவது சாய்ந்திருந்தால் போதும், இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் சாய்த்துக் கண்ணைப் பார்ப்பார். ஒருமுறை சலூனில் பாதி சவரத்திலிருந்த தலையைப் பிடித்துவிட்டார்.

நான் அப்போது செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். என் தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே இருக்கும். நிமிர்த்தினால் ஒரு பொம்மை மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியும். கண்கள் கோணலாக வருகின்றன, இனி வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் திமிர் என்றார்கள். அம்மாவோ மூன்று வருடமாகச் சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் தேய்க்க அனுப்பினாள்.

கடைசிச் சம்பளம் வாங்க நான் பட்டறைக்குப் போன அன்று, பொம்மை வாங்க வந்த டாக்டர் என்னைப் பார்த்தார். “யம்மா, தலைய இடப்பக்கம் சாய். அந்தப் பொம்ம இப்ப எப்படித் தெரியுது?”

“ரெண்டும் இன்னும் வெலகிப் போவுதுங்க.”

“சின்ன வயசு போட்டோ இருக்குதா?”

சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். போட்டோ கேட்கிறார் என்றதும் அம்மா அவரைக் கல்யாணத் தரகர் என்றே முடிவுகட்டி, பஜ்ஜி போட்டு, ஸ்டூடியோ படத்தை நீட்டினாள்.

“இது வேணாங்க, ஸ்டூடியோக்காரன் தலைய நிமித்தி வச்சி எடுத்திருப்பான். கொழந்தையில மொட்ட போட்ட போட்டோ குடுங்க.”

“மாப்ள வூட்ல மொட்டையவா கேக்குறாங்க?”

காதுகுத்துப் படத்தில், மாமா மடியில் நான், மொட்டைத் தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. டாக்டர் குதித்தே விட்டார். “பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்! கழுத்துல ஒண்ணுமில்ல. கண்ணுல ஒரு தசை சோம்பேறி. அதோட வேலையையும் சேத்துக் கழுத்து பாக்குது.”

அறுவை சிகிச்சை செய்தார். இரண்டு பொம்மையும் ஒன்றாயின, தலை நிமிர்ந்தது, கண் எழுதும் வேலையும் திரும்பக் கிடைத்தது. ஊர் என்ன சொன்னது? எண்ணெய் இப்போதுதான் வேலை செய்கிறதாம்! அம்மா சுளுக்கு எடுப்பவருக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தாள். எனக்கு வயிறெரிந்தது.

டாக்டரிடம் போய் அழுதேன். “தல நேரா இருக்குதுல்ல, வுடும்மா” என்று சிரித்தார்.

போன மாதம் பாலக்கரையில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். ‘ஊரின் கண்ணொளியே’ என்று போட்டிருந்தார்கள், பாவிகள். பைத்தியம் என்றவர்களின் படங்களெல்லாம் கீழே வரிசையாக இருந்தன. அதையாவது ஒழுங்காகக் கட்டினார்களா? ஒரு கயிறு அவிழ்ந்து, டாக்டர் முகம் கோணலாகத் தொங்கியது.

அவரை நேராகப் பார்க்க, இத்தனை வருடம் கழித்து, என் தலையைச் சாய்த்தேன்.