சிலமலைப் பூசணியும் பாண்டியம்மாளின் விரலும்

இந்த வருடம் பூசணிக்காய்ப் போட்டியில் மச்சான் சின்னச்சாமியின் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று சிலமலை கோட்டைச்சாமி முடிவெடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியும் தொலைத்துவிட்டார். இனிப் பின்வாங்க முடியாது.

போடிமெட்டில் ஏலத்தோட்டக்காரர்கள் வருடா வருடம் நடத்துகிற போட்டி அது. ஏலக்காய் மூட்டை நிறுக்கிற தராசில் பூசணிக்காயை ஏற்றுவார்கள். எது கனமோ, அதை வளர்த்தவருக்கு மாலை, மேளம், மைக்கில் பெயர். மூன்று வருடமாக அந்த மாலை விழுந்தது, அவர் மனைவி பாண்டியம்மாளின் அண்ணன் தேவாரம் ஊர்க்காரர் சின்னச்சாமியின் கழுத்தில். விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு தடவையும் வீடு தேடி வந்து, "மாப்ளே, உங்க காய சாம்பாருக்காச்சும் வச்சுக்கலாம்ல?" என்று கேட்கிறாரே, அந்தக் கொழுப்பைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கொடி விட்டார் கோட்டைச்சாமி. விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தன் கையாலேயே தடவினார். ஒரு பிஞ்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறிந்தார். அந்த ஒற்றைப் பிஞ்சு எலுமிச்சை அளவைத் தாண்டியதும் வீட்டில் சட்டம் போட்டார்.

"இந்தா பாரு, பூசணிப் பிஞ்ச யாரும் ஆள்காட்டி விரல நீட்டிக் காட்டக் கூடாது. அழுகிப் போகும். காட்டித்தான் ஆகணும்னா விரல மடக்கிக் காட்டு."

ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதிதான் இது. ஆனால் அதைப் பொண்டாட்டி கையில் கொண்டுபோய்க் கொடுத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை பாண்டியம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னிக்கு காப்பிய நீங்க போடுங்களேன்."

"நானா? எனக்கென்ன வேற சோலி இல்லையா?"

கொடி தெரிகிற ஜன்னல் பக்கம் திரும்பினாள். வலது கை மெல்ல உயர்ந்தது. ஆள்காட்டி விரல் பாதி நீண்டது.

"அடியே! மடக்கு! மடக்குடி விரல!"

"அப்ப காப்பி?"

"போட்டுத் தொலைக்கிறேன்!"

"சீனி கம்மியா."

பிஞ்சு தேங்காய் அளவானபோது பாத்திரம் கழுவினார். குடம் அளவானபோது துணி துவைத்தார். இதென்ன அநியாயம்! நாட்டில் போலீசு இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. பொண்டாட்டி விரலை நீட்டுகிறாள் என்று எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, சேலையெல்லாம் அலசுறீங்க?"

"தோள்பட்டை வலிக்கு நல்லதாம். டாக்டரு சொன்னாரு."

"எங்க வீட்டுக்காரருக்கும் தோள்பட்டை வலிதான். அந்த டாக்டரு எங்க இருக்காரு?"

கோட்டைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு சேலையைப் பிழிந்தார். அதன் பிறகு சின்னச்சாமி வீட்டுக் காதுகுத்துக்கும் விரல் நீண்டது. போனார். எதிரி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, எதிரி வீட்டுப் பூசணிக்காய்ப் பொரியலைத் தின்றார். ருசியாக வேறு இருந்தது, பாவி மனுசன்!

மூன்று மாதம் இப்படியே போனது. போட்டி நாளும் வந்தது. காயை நாலு பேர் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு சாய்ந்தபோதெல்லாம் கோட்டைச்சாமி காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

தராசு பேசியது. சின்னச்சாமி காய் அறுபத்து நாலு கிலோ. கோட்டைச்சாமி காய் எழுபத்தொன்று! மேளம் வெளுத்து வாங்கியது. மைக்கைக் கொடுத்து ரகசியம் என்னவென்று கேட்டார்கள்.

"காவல்தான் ரகசியம்!" என்று முழங்கினார். "பிஞ்சு விட்டதுலேருந்து ஒருத்தர் விரலும் அத நோக்கி நீளாம காத்தேன்!"

இறங்குகிற ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் சின்னச்சாமி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் மாலையோடு கோட்டைச்சாமி. பக்கத்தில் பாண்டியம்மாள் போனை நீட்டினாள்.

"இந்தப் போட்டோவப் பாருங்க. கோயமுத்தூருல இருக்குற நம்ம மக முத்துப்பிரியாவுக்கு அன்னிக்கு அனுப்புனது."

படத்தில் பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆள்காட்டி விரல், எலுமிச்சை அளவுப் பிஞ்சைத் தொடாத குறையாக நீண்டிருந்தது.

"எப்ப எடுத்தது?" கோட்டைச்சாமி போனுக்கு மேல் குனிந்தார்.

"நீங்க சட்டம் போட்டதுக்கு மொத நாளு."

"அப்ப... அழுகாதுன்னு ஒனக்கு அப்பவே தெரியும்?"

"மறுநாளே தெரிஞ்சுபோச்சு. கல்லு மாதிரி இருந்துச்சே."

"மூணு மாசம்! மூணு மாசமா நான் தொவைச்ச துணியெல்லாம்?"

"நல்லாத்தான் வெளுத்துச்சு."

கோட்டைச்சாமிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பல்லுக்கிடையில் சீறினார். "இனிமே ஒன் விரலுக்கு எவன் பயப்படுவான்? ஒரு டம்ளரக்கூடக் கழுவ மாட்டேன். என்ன செஞ்சுருவ?"

"நான் என்ன செய்யப் போறேன்?" என்றாள் பாண்டியம்மாள். பிறகு முன்சீட்டுப் பக்கம் போனை நீட்டினாள். "அண்ணே, ஒரு போட்டோ பாக்குறீங்களா?"

கோட்டைச்சாமி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கி சேலையா, போர்வையா?"