கல்லறைத் தோட்டத்தை யாரும் நகர்த்த முடியாது

பல்செட்காரர் அன்று பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். பின்னறையை விட்டுக்கொடுப்பதில்லை. உயிரே போனாலும் சரி. அதைவிடப் பெரிய விஷயமான காலைக் காப்பியே போனாலும் சரி.

பல்செட்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. பிடுங்கிய இடத்தில் வைப்பதைச் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, ஊரார் வாயையெல்லாம் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். அதில் பாதிச் சிரிப்பு அவர் செய்து கொடுத்தது.

வீட்டில் மட்டும் யார் எப்போது சிரிப்பது என்பது அவர் கையில் இல்லை.

பின்னறையில் ஒரு பெரிய பலகை. பலகை மேல் ஜப்பான். அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய படப்புத்தகங்களைப் பார்த்தே ஒரு மலை, ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஒரு ஸ்டேஷன் எல்லாம் கட்டியிருந்தார். நடுவே தீப்பெட்டி அகலத்தில் ஒரு ரயில் நாள் பூராவும் யாரையும் ஏற்றாமல், யாரையும் இறக்காமல், நேரம் தவறாமல் ஓடும்.

மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவள். இந்த வருஷம் ஆர்டர் கூடிவிட்டது. துணிச் சுருள்கள் கூடத்தைத் தாண்டிக் கட்டிலுக்கு வந்துவிட்டன. பல்செட்காரர் சுருளோடு சுருளாகப் படுத்து, விடிந்ததும் தன்னைத்தானே தேடி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அந்தப் பலகையைக் கழட்டிடுங்க. துணி வெட்டுற மேஜையை அங்க போடணும்."

"அது பலகை இல்ல. ஒரு மலைநாடு."

"மலைநாட்டை மடிச்சுக் கட்டிலுக்கு அடியில வைங்க."

"மலையை எப்படி மடிக்கிறது?"

"நான் ஜமுக்காளத்தை மடிக்கல?"

இதற்கு மேல் பேசினால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

எதிர்வீட்டுக்காரர் சர்வேயர். எதையும் டேப் பிடித்துப் பார்க்காமல் நம்பாதவர். விஷயத்தைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"கல்லறை வைங்க சார்."

"யாருக்கு?"

"மலைநாட்டுக்கு. நானும் எத்தனையோ ரோட்டுக்கு அளந்திருக்கேன். வீடு வந்தா இடிப்பாங்க, கடை வந்தா இடிப்பாங்க. கல்லறைத் தோட்டம் வந்தா மட்டும் ரோடு தானா வளைஞ்சு போயிடும். யாரும் கை வைக்க மாட்டாங்க."

பல்செட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. காரணம் இன்னொன்றும் உண்டு. அவர் மனைவிக்குக் கல்லறை என்றாலே ஆகாது. அந்த வழியாக பஸ் போனால் எதிர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவாள். அறைக்குள் அவளே வர மாட்டாள் என்றால் மேஜை எப்படி வரும்?

அன்றே பிளாஸ்டர் கரைத்தார். முதல் ஈட்டில் வந்த கற்கள் கடைவாய்ப் பல் மாதிரியே இருந்தன. கைப்பழக்கம். தேய்த்துத் தேய்த்துச் சதுரத் தூணாக்கி, ஒவ்வொன்றையும் படிக்கட்டுப் பீடத்தில் ஏற்றினார். ஜப்பானில் ஒரு கல் என்பது ஓர் ஆளுக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கே என்று படித்திருந்தார். ஐஸ் குச்சியைச் சீவி, இறந்தவர் பெயர் எழுதிக் கல்லுக்குப் பின்னால் நட்டு வைக்கும் மெல்லிய மரப்பலகைகள் செய்தார். கல்லைக் கழுவ ஒரு குட்டி வாளி, ஒரு குட்டி அகப்பை. காய்ந்த தேயிலைத்தூளில் மண். பச்சை ஸ்பாஞ்சைப் பொடித்துப் பாசி.

நடுவில் இது சூழ்ச்சி என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. ஓரமாக ஒரு கல்லைச் சற்றுச் சாய்த்து வைத்தார். அந்தக் குடும்பம் வேலை தேடி வெளியூர் போயிருக்கும், வந்து பார்க்க ஆளில்லை என்று தோன்றியது. வைத்துவிட்டு அந்தக் குடும்பத்துக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். பிறகு அதற்கும் இரண்டு பூ வைத்தார். கடைசியாக, நுழைவாயிலில் மொட்டைத் தலையும் மூடிய கண்ணுமாக ஒரு வரிசைக் கற்சிலைகளை நிறுத்தினார்.

சனிக்கிழமை மனைவியைக் கூப்பிட்டார்.

"வாசல்லயே நில்லு. உள்ள வராதே. கல்லறைத் தோட்டம்."

அவள் நிலைப்படியில் நின்றாள். ஒரு கால் தானாகப் பின்னால் போயிற்று. பல்செட்காரர் மனசுக்குள் ரயில் ஊதியது.

"அந்த மொட்டைப் பசங்க யாரு?"

"குழந்தைங்களைக் காப்பாத்துற சாமி. அந்த ஊர்ல அதுங்க கழுத்துல சிவப்புத் துணி கட்டி விடுவாங்க."

"எங்க துணி?"

"நாளைக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சிடுவேன்."

"துணியைப் பெயிண்ட்ல அடிப்பீங்களா?"

அங்கேதான் அவர் சறுக்கினார். தையல்காரியிடம் போய்த் துணிக்குப் பதில் பெயிண்ட் என்றால், பல்செட்காரரிடம் போய் ஈறில் சாக்பீஸால் பல் வரைந்துகொள்கிறேன் என்று சொன்ன மாதிரி. அவள் உள்ளே போய்க் கத்திரிக்கோலோடு வந்தாள்.

அவர் பட்டறைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ஒவ்வொரு சிலைக்கும் கழுத்தில் சிவப்புத் துணி. சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் ஓரம் மடித்துத் தைத்து, பின்னால் முடிச்சுப் போட்டிருந்தது. கற்களெல்லாம் ஈரமாகப் பளபளத்தன.

"உனக்கு பயமா இல்லையா?"

"முதல்ல இருந்துச்சு. ஒருத்தனுக்குக் கட்டிட்டேன். பக்கத்துல இருக்கறவன் வெறுங்கழுத்தா நிக்கிறான். எப்படி விட்டுட்டு வர்றது? வாளியும் அகப்பையும் வெச்சிருக்கீங்களே, ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சீங்களா? அந்தச் சாஞ்ச கல்லு பாவம், ஒரே தூசி."

பல்செட்காரர் குனிந்து அந்தச் சாய்ந்த கல்லின் பூவைச் சரிசெய்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான். மறுநாள் காலை மிச்சமிருந்த ஆயுதத்தை எடுத்தார்.

"இங்க பாரு, கல்லறைத் தோட்டம் வந்தாச்சு. இனிமே இதை நகர்த்த முடியாது. ரோடு போடுறவங்களே கை வைக்க மாட்டாங்க. வேணும்னா சர்வேயரைக் கேளு."

"கேட்டேன். வந்துட்டே இருக்கார்."

சர்வேயர் டேப்போடு வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், பலகையை ஒரு சுற்று சுற்றினார்.

"கல்லறைத் தோட்டம் ஜன்னல் மூலையில இருக்கு. அது அங்கயே இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது."

"அப்படிச் சொல்லுங்க சார்."

"மிச்சம் பூராவும் ரயில்வே நிலம். ரயில் பாதையைத் தாராளமா மாத்திப் போடலாம். அதுக்குத் தடையே கிடையாது."

"நீங்க என் பக்கம்னு நினைச்சேன்."

"நான் டேப் பக்கம் சார்."

பல்செட்காரர் கூடத்தைத் தாண்டி வாசல் வழியாகப் பார்த்தார். எதிர்வீட்டில் புதுத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சுவரைச் சுத்திப் பலகை அடிச்சா ரயில் ஓடுமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஜம்முனு ஓடும் தங்கச்சி."

மத்தியானத்துக்குள் மலைநாடு சுவரேறிவிட்டது. பல்செட்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆணியடித்தார். ஆனால் பாதை நீள நீள முகம் இறங்கிக்கொண்டே வந்தது. இத்தனை நீளப் பாதை அவருடைய ரயிலுக்குக் கிடைத்ததே இல்லை. நாலு மூலையிலும் வளைவு. கதவுக்கு மேலே பாலம். ஜன்னலோரம் கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தால், சிவப்புத் துணி கட்டிய மொட்டைப் பிள்ளைகள் வண்டி பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். நடுவில் மேஜையும் தையல் மெஷினும். மெஷின் ஓடினால் எங்கோ பெரிய ரயில் பாலம் ஏறுகிற சத்தம். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் சாயங்காலம் அது. தோற்றவனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"ஏங்க, உங்க பக்கத்து அலமாரியில வெள்ளை நூல் இருக்கு பாருங்க. ரயில்ல ஏத்தி அனுப்புங்க."

பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓர் இடத்திலாவது கறாராக இருந்தே ஆக வேண்டும்.

"இது பயணிகள் வண்டி. சரக்கு ஏத்துறதில்ல."

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்ப டிக்கெட் கொடுங்க. உள்ள உக்காந்து வரட்டும்."

பல்செட்காரர் ரயிலை நிறுத்தினார். பிறகு பின்பெட்டியின் கூரையைக் கழற்றினார். நூல்கண்டை உள்ளே வைத்தார். ஒரு காகிதத்தை நகம் அளவு கிழித்தார்.

"போக மட்டுமா, போகவரவா?" என்று கேட்டார்.